துயர் பகிர்வோர்

வலது கை தூரிகையைப் பிடித்திருந்தது. இடது கை அதன் மணிக்கட்டைத் தாங்கியிருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த வெள்ளைத் துணி சீமெந்துத் தரையில் விரிந்து கிடந்தது. நான்கு மூலையிலும் வைத்த செங்கற்கள் அதை இழுத்துப் பிடித்திருந்தன. கறுப்பு மை ஒரு வளைவாகப் போய், தன்னையே சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து ஒட்டியது. ஒட்டிய இடம் தெரியவில்லை.

சிங்கள எழுத்தில் நேர்கோடு குறைவு. வட்டமும் சுழியும்தான் அதிகம். வட்டம் இந்தக் கைகளுக்குப் பழகியது. திங்கள் தொடக்கம் சனி வரை பீங்கான் தட்டுகளின் விளிம்பில் தங்கக் கோடு போடுகிற கைகள் இவை. அங்கே தூரிகையை அசைக்கக் கூடாது, தட்டுத்தான் சக்கரத்தில் சுழலும். இங்கே துணி அசையாது, கைதான் சுற்றி வரவேண்டும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சை அடக்கி, எழுத்து முடிந்த பிறகே விடவேண்டியிருந்தது.

மேலே நிலையாமையைச் சொல்லும் பாளி வரி சிறிய எழுத்தில் முடிந்துவிட்டது. நடுவில் இறந்துபோன ஒரு அம்மாவின் பெயரும், அவள் யாருடைய தாய் என்பதும் பெரிய எழுத்தில் வந்துவிட்டன. அதற்குக் கீழே ‘துயர் பகிர்வோர்’ என்று எழுதி ஒரு கோடு இழுத்ததோடு தூரிகை நின்றது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் யாருடைய பெயரை எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மல்காந்தி தூரிகையைத் தின்னர் டின்னுக்குள் போட்டுவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் வேறு ஆள் இல்லை. தகப்பன் இறந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். அதையும் அவள் இன்று போடவில்லை.

அவள் தொழிற்சாலைக்கு வந்தபோது வயது இருபதுகூட ஆகவில்லை. அலங்காரப் பகுதியில் தட்டுகளைத் துடைக்கிற வேலை கிடைத்தது. கோடு போட ஒருவரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. மதிய இடைவேளையில் மற்றவர்கள் உறங்க, கழித்துப் போட்ட தட்டுகளைச் சக்கரத்தில் வைத்து, வெறும் தண்ணீரில் தூரிகையை நனைத்துப் பழகினாள். தங்கம் பூசும்போது அது தங்க நிறத்தில் இருக்காது, கித்துள் பனையின் பாணி மாதிரிக் கபில நிறமாக இருக்கும். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் மினுங்கும். அதுவரை கோட்டின் குறை எதுவும் கண்ணுக்குப் படாது. அவளுடைய கோட்டில் பிறகும் படவில்லை.

கல்யாணப் பேச்சு இரண்டு தரம் வந்தது. தகப்பனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததும் அதுவும் நின்றுபோனது.

எழுத்து வேலை அவளிடம் தானாக வந்து சேர்ந்தது. பகுதியில் யாருடைய வீட்டிலாவது ஒரு மரணம் என்றால் காசு சேர்க்க ஒரு பிஸ்கட் டின் மேசை மேசையாகச் சுற்றும். ஒருவர் துணி வாங்கி வருவார். மல்காந்தி எழுதுவாள். செத்தவீட்டுக்குத் திரும்புகிற சந்தியில், இரண்டு கமுகந்தடிகளுக்கு நடுவில் அந்தத் துணியைக் கட்டுவார்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: அலங்காரப் பகுதி ஊழியர்கள். அந்த மூன்று சொற்களையும் கண்ணை மூடிக்கொண்டும் அவளால் எழுத முடியும். அப்படியான துணியில் தனி ஆளின் பெயர் வருவதில்லை. சங்கம் போடும், கழகம் போடும், ஒன்றாய்ப் படித்தவர்கள் போடுவார்கள். தனி ஆள் என்றால் சீனிப் பார்சலோடு வந்து, உட்கார்ந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவளுடைய தகப்பன் இறந்தபோது மட்டும் துணியை அவளே எழுதுவது சரியில்லை என்று பியதிஸ்ஸ எடுத்துப் போனான். பக்கத்துச் சக்கரத்தில் வேலை செய்கிறவன், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கோட்டுக்குக் கை வாய்த்திருந்தது, எழுத்துக்கு வாய்க்கவில்லை. சந்தியில் கட்டியிருந்த துணியில் வரிகள் மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி மாதிரி ஏறிப் போயின. கடைசிச் சொல்லுக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, மேல்நோக்கி வளைத்திருந்தான். செத்தவீட்டு வெள்ளைச் சேலையோடு அங்கே போய் நின்று பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, இதைக் கண்டா அப்பா எழும்பி வந்து திருத்து எண்டு சொல்லுவார்.”

“நாலு துணியைப் பழுதாக்கிப்போட்டுத்தான் அக்கா இது வந்தது. முதல் துணியைப் பாத்திருந்தா நீங்களும் அவரோட போயிருப்பியள்.”

அன்றைக்கு இரவு பகுதி முழுவதும் அவளுடைய வீட்டு முற்றத்தில்தான் கிடந்தது. பழைய முகாமையாளர்கூட ஒரு கதிரையில் இருந்தபடி விடியும்வரை உறங்கினார்.

அவர் ஓய்வுபெற்றுப் போக, புதிய முகாமையாளராக மெதகெதர வந்தார்.

மெதகெதர சத்தம் போடுகிற ஆள் அல்ல. ஒரு தட்டை எடுப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், விரல்களைத் திறப்பார். தட்டுத் தரையில் விழுந்து சிதறும். “கூட்டு” என்பார். அந்தத் தட்டைச் செய்தவரே விளக்குமாறை எடுத்துவர வேண்டும். கூட்டி முடியும்வரை அவர் அங்கேயே நிற்பார். மற்றவர்கள் தலையை நிமிர்த்தக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் ஒருவரும் நிமிர்த்துவதில்லை. எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். கொஞ்சம் பருத்த சந்திரலதாவுக்கு ‘லொறி’. மல்காந்திக்கு ‘மிஸ்’, அந்த வயதிலும் அவள் மிஸ் என்பதுதான் அதிலிருந்த பகிடி. பட்டப்பெயர் சொல்லும்போது மற்றவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காதவருடைய தட்டு அடுத்ததாக வெளிச்சத்துக்குப் போகும்.

பின்னேரங்களில் ஒருவரை அறைக்குக் கூப்பிட்டு, இன்னொருவர் என்ன கதைத்தார் என்று கேட்பார். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரியாது. தெரியாதபடியால், எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். முன்பு நீள மேசையில் சோற்றுப் பார்சல்களை ஒன்றாகப் பிரித்து, ஒருத்தியின் கருவாட்டை இன்னொருத்தியின் பொல் சம்பலுக்கு மாற்றிச் சாப்பிட்டவர்கள், தங்கள் தங்கள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள்.

இது நடந்துகொண்டிருந்த காலத்தில் சூளையின் பின்பக்க இடது மூலையில் சூடு கூடிப்போனது. அங்கே வைத்த தட்டுகளில் தங்கம் கருகி, ஊதா நிறத்தில் மங்கி வந்தது. சூளைக்குப் பொறுப்பான ஆரியதாச பழைய ஆள். அவர் போய் மெதகெதரவிடம் சொன்னார்.

“சூளைக்கு வருத்தமோ, உனக்கு வருத்தமோ?” என்று மெதகெதர கேட்டார். “என்ர சூளை நல்லாத்தான் இருக்குது. கண் தெரியாட்டி வாசலைக் கூட்டு, அதுக்குக் கண் தேவையில்லை.” மழைக்காலம் முடியும்வரை ஆரியதாச தொழிற்சாலை வாசலைக் கூட்டினார். வேலைக்கு வருகிற எல்லாரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அவர் சூளைக்குத் திரும்பி வந்த பிறகு அந்த மூலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேறு யாரும் திறக்கவில்லை.

வாய் திறக்காமலே ஒரு வழக்கம் உண்டானது. காலையில் முதலில் வருகிறவர்கள், முந்திய நாள் கோடு போட்ட தங்கள் தட்டுகளைச் சூளையின் முன்பக்கத்தில் அடுக்கினார்கள். அடுத்து வந்தவர்கள் நடுவில் அடுக்கினார்கள். கடைசியாக வருகிறவருக்கு இடது மூலைதான் மிஞ்சும். இதைத் திட்டம் போட்டுச் செய்தோம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பஸ்ஸைக் கொஞ்சம் நேரத்தோடு பிடித்தார்கள், அவ்வளவுதான். மல்காந்தியும் பிடித்தாள்.

கடைசியாக வருகிறவன் பியதிஸ்ஸ. மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தாய் படுக்கையில். காலையில் தாயைக் கழுவி, துடைத்து, கஞ்சி பருக்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவன் புறப்பட முடியும். ஆகவே ஒவ்வொரு நாளும் அவனுடைய தட்டுகளே கருகின. பிழை தன் கையில்தான் என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். தங்கத்தைக் கலக்கிப் பார்த்தான், தூரிகையை மாற்றினான். “அக்கா, என்ர கோட்டை ஒருக்கா பாருங்கோவன், தடிப்பாப் போடுறனோ?” என்று மல்காந்தியிடம் கேட்டான். அவள் பார்த்தாள். கோட்டில் ஒரு பிழையும் இல்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள். மூலையைப் பற்றிச் சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால் அவன் நேரே மெதகெதரவிடம் போய் நிற்பான், யார் சொன்னது என்று மெதகெதர கேட்பார். அவள் தன் சக்கரத்துக்குத் திரும்பினாள்.

ஒருநாள் மெதகெதர அவனுடைய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரல்களைத் திறந்தார். அடுக்கு முடிகிறவரை திறந்தார்.

“அம்மாவைக் கழுவித் துடைச்ச கையாலயோ தங்கத்தைத் தொடுறாய்?” என்றார். “அதுதான் இந்த நிறம்.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பல்ல, தேவையான அளவு. மல்காந்தியின் உதடும் அசைந்தது. அசைந்ததைப் பியதிஸ்ஸ கண்டான்.

அடுத்த நாள் அவனைப் பொதி கட்டுகிற வைக்கோல் கொட்டிலுக்கு அனுப்பினார்கள். மதிலோரத்தில் இருந்த அந்தக் கொட்டிலில் வேறு ஆள் இல்லை. “அவனோட கதைக்க ஆசையுள்ள ஆக்கள் சொல்லுங்கோ, அங்க இன்னும் இடம் இருக்கு” என்றார் மெதகெதர. ஒருவரும் கதைக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவன் நின்றால் மற்றவர்கள் போத்தலைப் பிறகு நிரப்பலாம் என்று திரும்பினார்கள். பயம் மட்டும் காரணமல்ல. அவனுடைய முகத்தைப் பார்த்தால் அந்த மூலை ஞாபகம் வந்தது. மல்காந்தியை ஒருதரம் வளவில் எதிரே கண்டு “அக்கா” என்றான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தாள். பியதிஸ்ஸ போனபிறகு சூளையின் இடது மூலை காலையில் அடுத்ததாகப் பிந்தி வருகிறவரைத் தேடியது. எல்லாரும் இன்னும் முந்திய பஸ்ஸைப் பிடித்தார்கள்.

நேற்று, சனிக்கிழமை, வாசல் காவலாளிக்குத் தொலைபேசி வந்தது. பியதிஸ்ஸவின் அம்மா போய்விட்டாள். திங்கட்கிழமை பின்னேரம் அடக்கம். செய்தி மேசை மேசையாக வந்தது. பிஸ்கட் டின் அலுமாரிக்கு மேலே இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மல்காந்தி ஒரு கோட்டைப் போட்டு முடித்தாள், இன்னொன்றைத் தொடங்கினாள், பிறகு தூரிகையை வைத்துவிட்டு எழும்பிப் போய் டின்னை எடுத்தாள். அந்த நேரம் மெதகெதர கதவடியில் நின்றார்.

“மிஸ், என்ன டின்?”

“பியதிஸ்ஸவின்ர அம்மா சேர். பகுதியால துணி ஒண்டு போடுறது வழக்கம்.”

“எந்தப் பகுதி?” அவர் உண்மையிலேயே தெரியாதவர் மாதிரிக் கேட்டார். “அவன் வைக்கோல் கொட்டில் ஆள். வைக்கோல் கொட்டில்காரர் காசு சேத்துப் போடட்டும்.” சிலர் சிரித்தார்கள். அவர் போகும்போது, “நான் அவன்ர வீட்டுச் சந்தியாலதான் ஒவ்வொரு நாளும் வாறனான். வாசிக்க எனக்குத் தெரியும்” என்றார்.

மல்காந்தி டின்னைத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தாள். வேலை விட்டதும் கடைக்குப் போய்த் துணியைத் தானே வாங்கினாள்.

இப்போது துணி தரையில் காய்ந்துகொண்டிருந்தது. படலை திறக்கிற சத்தம் கேட்டது. சந்திரலதா குடையை மடக்கியபடி வந்து, கதவடியில் நின்று துணியைப் பார்த்தாள்.

“எழுதிப்போட்டியளே.”

“கடைசி வரி கிடக்கு.”

“அதுக்குத்தான் அக்கா வந்தனான்.” அவள் உள்ளே வராமலே பேசினாள். “எங்கட பகுதிப் பேரைப் போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“காசு நீ தரேல்ல எண்டு நான் சொல்லுவன்.”

“ஆரிட்டச் சொல்லுவியள்? சேரிட்டயோ? பகுதி எண்டு கிடந்தா அவருக்கு நாங்கள் எல்லாரும்தான். என்ர மனுசனுக்கு வேலை இல்லாமப் போய் ஆறு மாசம். மூத்தவள் இந்த வருசம் சோதினை எடுக்கிறாள். உங்களுக்கெண்டா…” அவள் நிறுத்தினாள்.

“எனக்கெண்டா?”

“கோவியாதேங்கோ. உங்களுக்கு உங்கட வயிறு மட்டும்தானே.”

மல்காந்தி கோவிக்கவில்லை. அது உண்மை. “உள்ளுக்கு வந்து இரு. தேத்தண்ணி போடுறன்” என்றாள்.

“இல்லை. ஆரும் காணுறதுக்கு முதல் போகவேணும்.” சந்திரலதா குடையை விரித்தாள். போகிற போக்கில் துணியை இன்னொருதரம் பார்த்து, “எழுத்து வடிவா இருக்கு” என்றாள்.

படலை சாத்தப்பட்ட பிறகு மல்காந்தி துணிக்கு முன்னால் வந்து குந்தினாள். பகுதியின் பெயரை எழுதக் கை ஓடியது. ஆனால் அந்தப் பெயருக்குள் சந்திரலதாவின் மகளும் இருக்கிறாள், வாசல் கூட்டிய ஆரியதாசவும் இருக்கிறார். அவர்களுடைய பயத்தை எடுத்துத் தன் துணியில் கட்ட அவளுக்கு உரிமை இல்லை. கோட்டுக்குப் பின்னால் வெறுமையாக விடலாம். அப்படி ஒரு துணியைச் சந்தியில் கண்டால் ஊர் என்ன நினைக்கும்? துயரப்பட ஒருவரும் இல்லாத ஆள் என்று நினைக்கும். துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடவும் செய்யலாம். சக்கரம் தப்பும். அவளுக்கு இருப்பது அந்தச் சக்கரம் மட்டும்தான். காலையில் எழும்புவதே அதற்காகத்தான்.

அவள் தூரிகையைத் துடைத்தெடுத்தாள். கோட்டுக்குப் பின்னால் தன் பெயரை எழுதினாள். மூச்சை அடக்கி, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு பெரிய சங்கத்தின் பெயருக்கு விட்ட இடத்தில் அந்த ஒற்றைப் பெயர் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் வெள்ளைதான் கிடந்தது.

பின்னேரம் துணியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். சந்தியில் இறங்கியபோது வேறு துணிகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தன: ஊர் மரண உதவிச் சங்கம், விகாரை இளைஞர்கள், அவனோடு படித்தவர்கள். ஒழுங்கை நெடுகத் தென்னோலை ஈர்க்கில் கட்டிய சின்ன வெள்ளைக் கொடிகள் ஆடின. வீட்டில் ஊர்ச்சனம் பந்தல் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. உள்ளே போய் அம்மாவின் காலடியில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். பியதிஸ்ஸ கிணற்றடியில் நின்றான். சவரம் செய்யாத முகம். வெள்ளைச் சட்டையின் கையில் இன்னும் வைக்கோல் துரும்பு ஒன்று ஒட்டியிருந்தது.

“வந்திட்டியள் அக்கா.”

“வந்திட்டன்.”

அவள் கையிலிருந்த பொதியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

“பகுதியில ஆரும் வரேல்லையோ?” என்று அவள் கேட்டாள்.

“வந்தவை. நேற்றுப் பின்னேரத்தில இருந்து ஒவ்வொருத்தரா, பின்பக்க வாய்க்கால் ஒழுங்கையால வந்தவை. வந்ததை ஆரிட்டயும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவை.” அவன் வாயோரம் லேசாக அசைந்தது. “ஒருத்தர் போக மற்றவர் வருவார். ஒருத்தரை ஒருத்தர் காணேல்ல. அடுப்படிக்கதவைத் திறந்து மூடவே எனக்கு நேரம் சரியாப் போட்டுது.”

“ஆரியதாச அண்ணையும் வந்தவரோ?”

“சொல்ல ஏலாது அக்கா. சத்தியம் பண்ணிக் குடுத்தனான்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஒராள் அழுதவர். மூலைதான் பிழை, உன்ர கை இல்லை எண்டு சொன்னவர்” என்றான்.

மல்காந்தி பத்திரிகைத் தாளைப் பிரித்தாள். “அது எனக்கும் தெரியும், தம்பி. நீ கோட்டைப் பாக்கச் சொல்லிக் கேட்ட அண்டைக்கே தெரியும்.”

அவன் துணியின் ஒரு முனையைப் பிடித்தான். துணியின் மடிப்பை அவள் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க, அம்மாவின் பெயர் வந்தது, அவனுடைய பெயர் வந்தது. கடைசி மடிப்பில் அவன் குனிந்து நீண்ட நேரம் பார்த்தான்.

“உங்கட பேர் மட்டும் கிடக்கு.”

“மற்றவையின்ர பேரை நான் எப்பிடிப் போடுறது?”

“இதை இங்க, முற்றத்து வேலியில கட்டுறன் அக்கா. சந்தியில வேண்டாம். நாளைக்குக் காலமை அவர் அந்தப் பக்கத்தாலதான் வருவார்.”

“தெரியும்.”

“சக்கரத்தைப் பறிச்சிடுவார். வைக்கோல் தூசி நெஞ்சைப் பிடிச்சா விடாது, உங்களால இருமித் தாங்க ஏலாது.”

“நீ பழகிட்டாய்தானே. எனக்கும் பழக்கு.”

பந்தலடியில் யாரோ கமுகந்தடி கேட்டுச் சத்தம் போட்டார்கள். மல்காந்தி துணியைத் திரும்ப மடித்தாள், மடிப்பு விளிம்புகளை நகத்தால் நீவினாள்.

“சந்தியில கட்டு” என்று சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் சட்டையில் கைகளைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.